இரண்டு தகடும் நான்கு ஊசியும்

எனக்கு என்ன நோய் என்று விசாரிக்க வந்தவர்களுக்கு நான் சொன்ன பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பினாங்கில் ஒரு புகார் கிளம்பியிருக்கிறது. சனிக்கிழமை வந்தவர்களிடம் க்ஷயம் என்றேனாம். செவ்வாய்க்கிழமை வந்தவர்களிடம் பல் ஈறு என்றேனாம். இரண்டு நாளும் நான் உண்மையைத்தான் சொன்னேன். உண்மைதான் நடுவில் ஆள் மாறிவிட்டது. ஆளுக்கொரு விதமாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

ஆறு வாரமாக இருமல். நாற்பத்தைந்து வயதில் இருமல் வந்தால் ஆண்பிள்ளைகள் செய்வதைத்தான் நானும் செய்தேன், இல்லை என்றேன். என் மனைவி பிலோமினா இஞ்சி, மிளகு, ஆடாதோடை என்று வரிசையாகக் கொடுத்துப் பார்த்தாள். இருமல் எல்லாவற்றையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. ஒரு காலை பல் துலக்கித் துப்பியபோது பீங்கான் கிண்ணத்தில் சிவப்பாக ஒரு கோடு. வெற்றிலைச் சாறு என்று சொல்ல வாயெடுத்தேன். நான் வெற்றிலை போடுவதில்லை என்பது உலகத்திலேயே அவளுக்குத்தான் அதிகம் தெரியும். அரைமணி நேரத்தில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே எல்லோரும் நல்லவர்கள், பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். நான் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதோடு இங்கே வெளிவரும் ஒரு வாரத்தாளில் சிரிக்க எழுதுகிறவன் என்ற பெயரும் உண்டு. சிரிக்க எழுதுகிறவன் வெளிறிப்போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஜனங்களுக்கு ஒரு தனி ஆசை இருக்கிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

வெள்ளைக்கார டாக்டர் என் முதுகில் ஒரு விரலை வைத்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டி, பலாப்பழம் வாங்குகிறவர் போலக் காது கொடுத்தார். பழுத்திருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை. சளியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். க்ஷயக் கிருமி அகப்படவில்லை. நான் எழுந்து சட்டையை மாட்டப் போனேன். அகப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாதாம். திருடனைப் பிடிக்காததால் திருட்டு நடக்கவில்லை என்று ஆகுமா என்கிற நியாயம். ஒரு கட்டில் கொடுத்தார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்கள்.

என் பயம் என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். க்ஷயம் என்று ஒரு காகிதத்தில் எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டால் கம்பெனியில் என் நாற்காலி போய்விடும். அதற்குப் பிறகு நான் போகிற இடம் ஆஸ்பத்திரிக் கோடியில் இருக்கும் கடைசி வார்டு. அங்கே போனவர்களை விசாரிக்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பக்கத்துக் கட்டிலில் மஸ்தான் தண்டல் இருந்தார். துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு ஏற்றும் தொங்கான் படகுகளில் ஆறு படகு ஆட்களுக்கு அவர்தான் தலைவர். நாகூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். என்னைப் போலவே உயரம், என்னைப் போலவே விலாவை எண்ணிவிடலாம், என்னைப் போலவே இருமல். அவர் என்னை ‘கிராணியாரே’ என்பார். நான் அவரை, அண்ணன் என்று அவர்கள் சொல்லும் வழக்கப்படி, ‘நானா’ என்பேன்.

“கிராணியாரே, நீங்க இருமுறது இங்கிலீசுல இருக்கு. நம்மளுது கரடுமுரடா வருது” என்றார் முதல் நாளே.

“நோய் ஒண்ணுதான் நானா, படிப்புதான் வித்தியாசம்” என்றேன். அப்படியொரு ஜோசியம் சொல்லியிருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் இருவரையும் எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போனார்கள். அதற்குப் பொறுப்பு டாக்டருக்குக் கைத்துணையான டிரெஸ்ஸர் செல்லையா. யாழ்ப்பாணத்தார். அந்த யந்திரத்தைச் சொந்தத் தம்பியைப் போல நடத்துவார். அதாவது திட்டிக்கொண்டே இருப்பார்.

“சட்டையைக் கழட்டும். சங்கிலி, சுரூபம், தாயத்து ஒண்டும் இருக்கக் கூடாது. மூச்சை இழுத்துப் பிடியும். நான் சொல்லுமட்டும் விடாதையும்.”

கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைக் கழற்றி, கூட வந்திருந்த பிலோமினாவிடம் கொடுத்தேன். குளிர்ந்த பலகை ஒன்றில் நெஞ்சை ஒட்டவைத்து நின்றேன். முதுகுப் பக்கம் யந்திரம் வண்டு போல இரைந்தது. ஏதோ கருகிய வாசனை வந்தது. “அது நீரில்லை, மெசின்” என்றார் செல்லையா.

அதன் சூட்சுமம் எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான். அந்தக் கதிர் சதைக்குள் புகுந்து போய்விடும்; எலும்பிலும் உலோகத்திலும் முட்டி நின்றுவிடும். பின்னால் இருக்கும் கண்ணாடித் தகட்டில் கதிர் விழுந்த இடம் கறுக்கும், விழாத இடம் வெளுத்திருக்கும். நல்ல நுரையீரல் காற்று நிறைந்தது என்பதால் கறுப்பாகத் தெரியும். நோய் பிடித்த இடம் வெள்ளை மேகம் மாதிரி இருக்கும். கறுப்பு நல்லது, வெள்ளை கெடுதல் என்ற விதி இந்த நாட்டில் செல்லுபடியாவது அந்த ஒரு அறையில் மட்டும்தான்.

எனக்கு எடுத்து, தண்டலுக்கும் எடுத்து முடித்ததும் யந்திரத்துக்குள் ‘டப்’ என்றது. கதிரைக் கக்குகிற கண்ணாடிக் குழாய் வெடித்துவிட்டது. புதுக் குழாய் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வர வேண்டும். வர மூன்று நான்கு நாளாகும். அதுவரை அந்த இரண்டு தகடுகள்தான் வேதம்.

சனிக்கிழமை காலை டாக்டர் வந்தார். தண்டலின் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நுரையீரல் இரண்டும் நல்ல கறுப்பு. வெறும் மார்ச்சளிதான், ஊருக்குப் போகலாம் என்றார். என் தகட்டைப் பிடித்தார். வலது பக்கம் மேலே, காறை எலும்புக்கு அடியில், ஒரு வெள்ளை மேகம். டாக்டர் என் தோளைத் தட்டினார். அந்த மாதிரித் தட்டலை நான் துக்க வீடுகளில் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை கடைசி வார்டில் ஒரு கட்டில் காலியாகிறது, அங்கே மாறிவிடலாம், கம்பெனிக்கும் அன்றே கடிதம் போகும் என்றார். அந்தக் கட்டில் எப்படிக் காலியாகிறது என்று நான் கேட்கவில்லை.

பிலோமினா அழவில்லை. என் துணிகளை மடித்ததையே மறுபடி மறுபடி மடித்தாள்.

போகிறபோது டாக்டர் தண்டலிடம் திரும்பி, உடம்பில் எங்காவது ஊசி ஏறியிருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். செல்லையா கேட்டார். “ஊசியா? நான் என்ன தையக்காரனா?” என்றார் தண்டல். அப்படியானால் தகட்டில் விழுந்த கீறல் என்று டாக்டர் போய்விட்டார்.

நான் கட்டிலை விட்டு இறங்கினேன். “செல்லையா, அந்தத் தகட்டை நானும் பார்க்கலாமா?” என்றேன்.

“உமக்கென்னத்துக்கு மற்றவரின்ரை நெஞ்சு?” என்றாலும் காட்டினார்.

சுத்தமான நெஞ்சு. விலா எலும்புகள் ஏணிப்படி போல ஒழுங்காக இறங்கின. இரண்டு தோளிலும் சதை இருக்கும் இடத்தில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. கோணலில்லாத, பளிச்சென்ற கோடுகள்.

இங்கே நான் இருபத்திரண்டு வயதுக்குப் போக வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

அப்போது எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டில் ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்றார்கள். மூன்று வாரம் யோசித்தார்கள். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது அவர்கள் யோசிப்பதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றியது. கூட வேலை பார்த்த ஒருவன், அக்கரையில் ஒரு மலாய்க்காரப் போமோ இருக்கிறார் என்றான். போமோ என்றால் வைத்தியமும் மந்திரமும் ஒன்றாகப் பார்க்கிறவர். அவர் சுசுக் வைப்பார். ஊசியை விட மெல்லிய பொன் கம்பியை மந்திரித்துத் தோலுக்கடியில் ஏற்றிவிட்டால் பார்க்கிற கண்ணுக்கெல்லாம் அழகாகத் தெரிவோமாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, ஒரு சேவலையும் மஞ்சள் சோற்றையும் எடுத்துக்கொண்டு படகேறிப் போனேன். கிழவர் தோளைத் தடவினார், ஏதோ முணுமுணுத்தார், சுருக்கென்றது, முடிந்தது என்றார். ரத்தமும் இல்லை, தழும்பும் இல்லை. சேவலுக்காக ஏமாற்றிவிட்டார் என்றுதான் இருபத்துமூன்று வருஷமாக நம்பிவந்தேன். இருந்தாலும் அவர் விதித்த பத்தியங்களை விடவில்லை. சாத்தே என்கிற சுட்ட இறைச்சியைக் குச்சியோடு வைத்துக் கடிக்கக் கூடாது. காயும் துணிக்கு அடியில் குனிந்து போகக் கூடாது. நம்பிக்கை இல்லாதவனும் எச்சரிக்கையாக இருக்கலாமல்லவா? பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் இதைச் சொன்னதில்லை. ஏமாந்ததெல்லாம் பாவமாகுமா என்பது என் சந்தேகம்.

ஆக, அந்த ஜன்னலோரத்தில் மூன்று விஷயம் ஒரே நேரத்தில் தெரிந்தது. போமோ நாணயமானவர். அந்தத் தகடு என்னுடையது. மேகம் விழுந்த தகடு தண்டலுடையது.

தெரிந்ததா? அதுவும் உறுதியில்லை. தண்டலும் யாரிடமாவது ஊசி ஏற்றிக்கொண்டு என்னைப் போலவே பொய் சொல்லலாம். இல்லை, அது கீறலாகவே இருக்கலாம். சாகப்போகிறவன் கீறலையும் பொன்னாகப் பார்ப்பான். மேலும், என் தகடு அதுதான் என்று நான் சொன்னால், பக்கத்துக் கட்டிலில் சந்தோஷமாக மூட்டை கட்டுகிற மனிதரிடம் ‘இந்தாரும், என் க்ஷயத்தை எடுத்துக்கொள்ளும்’ என்று நீட்டுவதாகும். சொல்லாமலிருந்தால் என் உத்தியோகம் போகும், அவர் நோயோடு கப்பலேறுவார். சொன்னாலோ, மானம் போகும். செல்லையாவிடம் காலையில் சொன்னது மத்தியானத்துக்குள் சூலியாத் தெருவைத் தாண்டிவிடும். நாளைக்கு என் பத்திரிகை வாசகர்கள் என் தோளைத்தான் பார்ப்பார்கள். உயிர், உத்தியோகம், மனச்சாட்சி மூன்றையும் ஒரு தட்டில் வைத்து, மானத்தை மறு தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று முழுவதும் முள் நடுவிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிலோமினா கஞ்சி கொண்டுவந்தாள். தண்டல் சந்தையிலிருந்து ஆளைவிட்டு வாங்கிய சாமான்களைக் கட்டிலில் பரப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை நாகப்பட்டினத்துக்குக் கப்பல்; அதுவரை அவரை வார்டிலேயே இருக்க விட்டிருந்தார்கள்.

“தங்கச்சி, இந்தச் சட்டை மூணு வயசுக்குக் காணுமா?” என்று அவளிடம் காட்டினார். சிவப்பில் பூப்போட்ட சின்னச் சட்டை.

“யாருக்கு அண்ணே?”

“கடைசி மகளுக்கு. நான் இங்க வந்தப்புறம் பொறந்தது, இன்னும் என்னைப் பார்த்ததில்ல. போன உடனே மடியில உக்கார வச்சு, என் தட்டுலயே சோத்தைப் பெசஞ்சு ஊட்டணும். வேற ஒண்ணும் வேணாம்லா.”

பிலோமினா சட்டையை விரித்துப் பார்த்து, “தாராளமாக் காணும்” என்றாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். “நானா, நீங்க போகக் கூடாது” என்றேன்.

பிறகு சொன்னேன். மேடையில் பேசுவது போலக் கோர்வையாக வரவில்லை. சேவலில் ஆரம்பித்து, தகட்டுக்குப் போய், மறுபடி படகுக்கு வந்து, ஊசியில் முடித்தேன். அதற்குள் செல்லையாவும் வந்து நின்று முழுவதையும் கேட்டுவிட்டார்.

முதலில் பேசியது பிலோமினா. “அதான் சாத்தேயை உருவி உருவித் தின்னீங்களா! பல்லு கூசுதுன்னு சொன்னீங்களே, இருபது வருஷமா!”

“பல்லும் கூசும்” என்றேன்.

“அப்ப நான் சரின்னு சொன்னது உங்களைப் பார்த்து இல்ல, ஊசியைப் பார்த்தா?”

“அது எனக்கும் தெரியலை.”

“எந்த ஞாயித்துக்கிழமை போனீங்க?”

“குருத்தோலை ஞாயிறு.”

அவள் விரலை மடக்கினாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. “நான் அதுக்கு முந்தின வாரமே அப்பாகிட்ட சரின்னு சொல்லிட்டேன். அவருதான் உடனே சொன்னா மரியாதை இல்லன்னு இழுத்தடிச்சாரு. சேவல் அநியாயமாப் போச்சு.”

தண்டல் சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் முடித்தார். இருமி ஓய்ந்ததும் செல்லையாவைப் பார்த்தார். “அப்ப, அந்தச் சுத்தமான நெஞ்சு கிராணியாருது. என்னுது எங்க?”

செல்லையா துவாயால் முகத்தைத் துடைத்தார். அப்புறம்தான் விஷயம் வந்தது. தகடுகளைக் கழுவிக் காயவைத்தபோது அவற்றில் ஒட்டியிருந்த காகித எண்கள் இந்த ஊர் ஈரத்தில் கழன்று தண்ணீரில் மிதந்தனவாம். உத்தேசமாக எடுத்து ஒட்டியிருக்கிறார். “நான் என்ன செய்ய ஐயா? ரண்டு பேரும் ஒரே மெலிவு. நெஞ்சுக்கு முகமோ இருக்கு?”

அன்றே டாக்டருக்கு ஆள் போயிற்று. வந்தவர் நெஞ்சைக் கேட்காமல் தோளைத் தடவினார். இந்த நாட்டில் கதிர்ப்படம் பார்க்கிற டாக்டர்கள் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், வைத்தியப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன், உங்கள் தோளைப் படம் பிடித்துப் போடலாமா என்றார். நானும் பத்திரிகைக்காரன், இன்னொருவன் பிழைப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. பெயர் போடாமலிருந்தால் சரி என்றேன். வார்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று அவர் கேட்கச் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் மூன்று பேர் போர்வையைத் தோளுக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். குழாய் வரும்வரை இருவரையும் எங்கும் அனுப்புவதில்லை என்றும் கம்பெனிக் கடிதம் நிற்கட்டும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை குழாய் வந்துவிட்டது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத் தகட்டை செல்லையா கத்தரித்து எண்களாக்கி வைத்திருந்தார். ஈயத்தைக் கதிர் தாண்டாது, ஆகவே இனிமேல் எண்ணும் நெஞ்சோடு சேர்ந்தே படத்தில் விழும், தண்ணீரில் மிதக்காது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் தகட்டுக்குக் காத்திருக்கவில்லை. அறையை இருட்டாக்கி, நெஞ்சுக்கு முன்னால் ஒரு திரையை வைத்தார். கதிர் பட்டால் அந்தத் திரை பச்சையாக ஒளிரும். உள்ளே நடப்பது உயிரோடு தெரியும். முதலில் நான் நின்றேன். “ஊசி நாலு, மேகம் இல்லை” என்று இருட்டில் செல்லையாவின் குரல் கேட்டது. ரத்தம் எங்கிருந்து என்று பிறகு தேடி, கடைவாய்ப் பல் ஈறில் கண்டுபிடித்தார்கள். ஆறு வார இருமல் பழைய சளிக்காய்ச்சலின் மிச்சமாம்.

அடுத்து தண்டல் நின்றார். நான் போயிருக்கலாம், போகவில்லை. திரையில் அவர் இதயம் அடிப்பது தெரிந்தது. இரண்டு பேருக்குமே ஒன்றுமில்லாமல் போய்விடக் கூடாதா, தகடே பொய்யாக இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் என்று அந்த இருட்டில் பார்க்கவில்லை. வலது பக்கம் மேலே, அதே இடத்தில், மேகம்.

டாக்டர் விளக்கினார், செல்லையா தமிழில் சொன்னார். விலாவுக்கும் நுரையீரலுக்கும் நடுவில் ஊசி போட்டுக் காற்றை ஏற்றுவார்கள்; நோயுள்ள நுரையீரல் சுருங்கிப் படுத்து ஓய்வெடுக்கும்; ஓய்வில் புண் ஆறலாம். சரியாகச் சுருங்கியிருக்கிறதா என்று வாரா வாரம் இதே திரையில் பார்ப்பார்கள். பல மாதம் ஆகும். ஆறும் என்று அவர் சொல்லவில்லை; ஆறலாம் என்றுதான் சொன்னார்.

“அப்ப எனக்கும் ஊசி வந்திருச்சு” என்றார் தண்டல். பிறகு, “கப்பல் போயிருச்சா?” என்றார்.

“சாயங்காலம்தான் நானா.”

“சட்டையை மட்டும் யாரு கையிலயாவது குடுத்துவிடுங்க. வீட்டுக்கு ஒரு காயிதமும் எழுதணும்.”

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து நான் காகிதத்தை எடுத்தேன். பிலோமினா வீட்டுக்குப் போகத் துணிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னன்னு எழுத?”

“நெசத்தை எழுதுங்க. மறைச்சா என் பொஞ்சாதி, இங்க வேற யாரோ பொம்பளை இருக்கான்னு நெனப்பா. ஆனா அழுவக் கூடாது. எங்க தெருவுல காயிதம் படிச்சுச் சொல்ல ஒரு லெப்பை இருக்காரு. அவரு படிக்கிறப்ப பக்கத்து வீடெல்லாம் வந்து உக்காரும். எல்லாத்துக்கும் முன்னால அவ அழுவக் கூடாது. நீங்கதான் சிரிக்க எழுதுற ஆளாச்சே.”

பத்து வருஷமாக வாரந்தோறும் சிரிக்க எழுதுகிறேன். அந்தக் காகிதத்தில் ஒரு வரி வரவில்லை. கப்பலைப் பற்றி ஏதோ எழுதி அடித்தேன். ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றி எழுதி அதையும் அடித்தேன். தண்டல் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், என்னிடம் இருந்த ஒரே சரக்கை எடுத்தேன். ‘இங்கே பினாங்கில் ஒரு கிராணி இருக்கிறார், தன் முகத்தை நம்பாமல் தோளில் பொன்னூசி ஏற்றிக்கொண்டவர்’ என்று ஆரம்பித்து, சேவல், மஞ்சள் சோறு, சாத்தே, முந்தின வாரமே சரி சொல்லிவிட்ட பெண் என்று ஒன்றையும் விடாமல் எழுதினேன். என் பெயரையும் எழுதினேன். பிலோமினா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, “சேவல் கறுப்பா சிவப்பான்னும் போடுங்க, கேப்பாங்க” என்றாள். போட்டேன்.

பக்கம் நிறைந்தது. அடியில், லெப்பை அவர்கள் கவனத்துக்கு, வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பவும் என்று எழுதினேன்.

நெசத்தை எழுத வேண்டிய அந்த அடுத்த பக்கத்தை எடுத்து முழங்கால் மேல் வைத்தேன். தண்டல் இருமிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.